வெறுஞ்சொல்லும் நிறைசொல்லும்

மனிதர் பேசும் வீண்சொல் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம் ஆண்டவர் எச்சரித்ததை மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நற்செய்தியில் நம்மை நடுங்க வைக்கும் கூற்றுகள் பல உண்டு. ஆயினும் இதைப்போல் எவரையும் விட்டுவைக்காத கூற்று வேறொன்று உண்டா என்பது ஐயமே. கொலை செய்யாதவர் நம்மில் பலர். களவு செய்யாதவரும் பலர். வீண்பேச்சுப் பேசாதவர் எவர்? ஆலய முற்றத்திலும், குழாயடியிலும், தேநீர்க் கடையிலும், பேருந்திலும், ஏன், குருக்கள் கூடியமரும் உணவு மேசையிலும் நாள்தோறும் நாம் உதிர்க்கும் சொற்களுக்கு அளவில்லை. இவை அனைத்துக்கும் கணக்கு உண்டா? அண்டை வீட்டாரிடம் "மழை வரும்போல இருக்கிறதே" என்று சொல்வதுகூடப் பாவமாகுமா? எது வீண்சொல்?

இவ்வினாவுக்கு விடை தேடுகையில், இறையியல் நூல்களோடு அகராதிகளையும் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பவர், அச்சொல் எதைக் குறிக்கிறது என்று மட்டும் அறிந்தால் போதாது. அது பழிக்கிறதா, பொறுத்துக்கொள்கிறதா, புன்னகைக்கிறதா என்பதையும் தீர்மானித்தாக வேண்டும். அவ்வகையில் மொழிபெயர்ப்பாளரின் பணி ஓரளவு ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவின் பணியை ஒத்தது. எனவே வீண்பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றையும், அவை உருசிய மொழிக்குள் நுழையும்போது எவ்வாறு உருமாறுகின்றன என்பதையும் இங்கு நோக்குவோம். ஆங்கிலம் நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் மொழி. உருசியமோ, மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளின் வழியாக டால்ஸ்டாயையும் கார்க்கியையும் நம் இல்லங்களுக்குக் கொண்டுவந்த மொழி. அதற்கும் மேலாக, கீழைத் திருச்சபையின் செபங்களில் பன்னூறு ஆண்டுகள் தோய்ந்த மொழி.

முதலில் எளிய சொல் ஒன்று. ஆங்கிலத்தில் ஓயாத பேச்சை 'சாட்டர்' என்பர். அது ஒலிக்குறிப்புச் சொல். தொடக்கத்தில் பறவைகளின் கீச்சொலியையும் அது குறித்தது. குருவி கத்துகிறது, மனிதன் பேசுகிறான், இரண்டும் ஒன்றே என்று சொல்லிச் சிரித்துவிட்டு அச்சொல் நகர்ந்துவிடுகிறது. அதில் கண்டனம் குறைவு.

உருசியர் இதற்கு வழங்கும் சொல் 'பல்த்தாத்' என்பது. திரவத்தைக் கலக்குதல், குலுக்குதல் என்பதும் அதன் பொருள். வாயாடியை 'பல்த்தூன்' என்பர். அடைகாத்தும் கரு உருவாகாமல் கெட்டுப்போன முட்டைக்கும் அதே பெயர்தான். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே நீர்போல் தளும்பும். ஓசை உண்டு, உயிர் இல்லை. நம் வீடுகளில் கூழ்முட்டை என்கிறோமே, அதுவேதான். வெளித்தோற்றத்தில் நல்ல முட்டைக்கும் கூழ்முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. ஓடு ஒன்று, நிறம் ஒன்று, வடிவம் ஒன்று. இருபத்தொரு நாள் கோழி உட்கார்ந்த பின்னரே உண்மை புலப்படும். சொற்களும் அத்தகையனவே என்று இவ்வுருசியச் சொல் நமக்கு நினைவூட்டுகிறது. திருவள்ளுவரும் 'பயனில சொல்லாமை' என்னும் அதிகாரத்தில், பயனற்ற சொல்லைப் பாராட்டுபவனை மக்களுள் பதர் என்றே ஒதுக்குகிறார். பதரும் கூழ்முட்டையும் ஒரே உண்மையின் இரு உருவங்கள்: மேலே ஓடும் உமியும் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை.

அடுத்து, நம் அனைவருக்கும் தெரிந்த 'காசிப்' என்னும் சொல். ஊர்வம்பு, புறணி, கிசுகிசு என்றெல்லாம் நாம் தமிழில் சொல்வதை அது குறிக்கிறது. இச்சொல்லின் பிறப்பை அறிவோர் திடுக்கிடாமல் இருக்க இயலாது. பழைய ஆங்கிலத்தில் அது 'கோட்சிப்'. முற்பகுதி கடவுளைக் குறிக்கும். பிற்பகுதி உறவினரைக் குறிக்கும். கடவுளில் உறவினர், அதாவது திருமுழுக்கின்போது குழந்தையின் அருகில் நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை! காலப்போக்கில் அது நெருங்கிய தோழியரையும், குறிப்பாகப் பேறுகாலத்தில் தாயைச் சூழ்ந்திருக்கும் பெண்களையும் குறித்தது. பின்னர் அவ்வாறு கூடிப் பிறர் கதை பேசுவோரைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சுக்கே பெயராகிவிட்டது.

இது ஆங்கிலேயருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. உருசியத்தில் 'குமா' என்றால் ஞானத்தாய் வழி உறவுடையவர். அச்சொல்லின் செல்லவடிவமாகிய 'கூமுஷ்கா' வம்பளக்கும் பெண்ணுக்கு வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் ஞானத்தாயைக் குறித்த 'கொமேர்' என்னும் சொல்லிலிருந்தே வம்புப் பேச்சுக்குரிய சொல் பிறந்தது. மூன்று கிறிஸ்தவ நாடுகள், மூன்று மொழிகள், ஒரே வீழ்ச்சி! திருமுழுக்குத் தொட்டியருகே தொடங்கிய சொல் தெருமுனையில் வந்து முடிந்திருக்கிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? அந்நாள்களில் ஞான உறவு வெறும் சடங்கு உறவாக இருக்கவில்லை. இரத்த உறவைப் போலவே அதுவும் திருமணத் தடையாகக் கருதப்பட்டது. ஞானப் பெற்றோர் பலரை ஏற்படுத்தும் வழக்கத்தைத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் மாற்றி, ஒருவர் அல்லது இருவர் போதும் என வரையறுத்தது. இலத்தீன் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அத்தடையை நீக்கிவிட்டது. கீழைத் திருச்சபைகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ அதை இன்றும் காத்துவருகிறது. அத்தகைய நெருங்கிய உறவினருக்கு வீட்டின் உள்ளறை வரை செல்லும் உரிமை உண்டு. பிறர் அறியாத துயரத்தையும் குறையையும் நோயையும் கடனையும் அவர்கள் அறிவார்கள். அந்த அறிவு காக்கப்படுவதற்காகத் தரப்பட்டது. அதுவே கசியத் தொடங்கும்போது வம்பாகிறது. அந்நியன் நம்மைப் பற்றி என்ன வம்பு பேச முடியும்? அவனுக்கு ஒன்றும் தெரியாதே! வம்புக்குத் தேவையான முதல் நம்மை நேசிப்பவரிடமே இருக்கிறது.

நாம் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகி, ஞாயிறு திருப்பலியில் முதல் ஓலை வாசித்தாயிற்று. திருமணத் தடை எதையேனும் அறிந்திருப்போர் அதைப் பங்குத்தந்தைக்கோ மறைமாவட்டத் தலைவருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. பேச வேண்டிய இடம் அது. ஆனால் எவரும் நம்மிடம் வரவில்லை. மாறாக, "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டாம்" என்று ஒரு சொல் கடைத்தெருவில் உலவியது. அது உண்மையாகவே இருந்தாலும் திருமணத் தடை அன்று. குழந்தைப் பருவத்தில் கடுங்காய்ச்சலின்போது ஒருமுறை அவளுக்கு வலிப்பு வந்ததுண்டு, அவ்வளவே. அதை அறிந்திருந்தவர்கள் அவ்வீட்டாருக்கு மிக நெருங்கியவர்கள் மட்டுமே. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினர். சில மாதங்களில் அக்குடும்பம் ஊரைவிட்டே போயிற்று.

"உண்டாம்" என்னும் அந்தச் சொல்லின் இறுதியிலுள்ள 'ஆம்' என்பதைக் கவனியுங்கள். நம் மொழி தந்துள்ள வசதியான மறைவிடம் அது. சொல்வது நான், பொறுப்போ யாருக்கும் இல்லை. உருசியரும் பிறர் கூற்று என்று காட்டுவதற்கு 'மோல்' என்றொரு சிறுசொல்லை இடையில் செருகிக்கொள்கின்றனர். தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும்போது இந்த 'ஆம்' நமக்குத் துணை நிற்குமா?

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. அச்சொல் நம் காதிலும் விழுந்தது. ஊர்ப்பேச்சு, தானே அடங்கிவிடும் என்று எண்ணி நாம் வாளாவிருந்தோம். வம்பைச் சொன்னவர் யாரென்று நமக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டும் தடுக்காதவர் யாரென்று நமக்கு நன்றாகத் தெரியும்.

புறங்கூறுதல் ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கிறது. கோள்சொல்லுதலோ நட்பையே முறிக்கிறது. நற்பெயரைவிட நட்பு உயர்ந்ததாகையால் கோள் அதிகக் கொடிய பாவம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வாதிடுகிறார். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது நம்மிடையே வழங்கும் பெரிய சமாதானம். 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதையும் ஏற்பதில்லை. தக்க காரணமின்றிப் பிறர் குறையை அறியாதவருக்கு வெளிப்படுத்துதல், அக்குறை உண்மையாயினும், குற்றமே என்று அதன் 2477ஆம் பத்தி தெளிவுறுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பெருந்தொற்றால் உலகம் முடங்கிக் கிடந்த 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று ஆற்றிய மூவேளைச் செப உரையில், வம்புப் பேச்சு அந்நோயினும் கொடிய கொள்ளைநோய் என்றார். அவர் மிகைப்படுத்திப் பேசினார் என்று நாம் எண்ணவில்லை.

உருசிய மொழியின் மற்றொரு சிறப்பை இங்கு நோக்க வேண்டும். அம்மொழியில் 'ஸ்லோவா' என்பது வாக்கு, சொல் எனப் பொருள்படும். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் கடவுளாகிய வாக்கைக் குறிப்பதும் இதே சொல்தான். கிரேக்கத்தைப் பின்பற்றி இதனடியாக அமைந்த சொற்கள் பல. 'புஸ்தஸ்லோவியெ' என்றால் வெற்றுச்சொல். 'ப்ராஸ்னஸ்லோவியெ' என்றால் வேலையற்ற வீண்சொல். 'ஸ்லஸ்லோவியெ' என்றால் தீச்சொல். ஆசியைக் குறிக்கும் 'ப்லகஸ்லவேனியெ' என்பதோ நற்சொல். வெறுமையும் வீணும் தீமையும் ஆசியும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன. நாம் பேசும் மிக மலிவான பேச்சிலும் வாக்கானவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அம்மொழி மறக்க விடுவதில்லை.

இதனால் மொழிபெயர்ப்பில் விளையும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ரிச்சர்டு ஷெரிடன் எழுதிய 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' என்னும் நகைச்சுவை நாடகம் 1777இல் இலண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அரங்கேறியது. பிறர் நற்பெயரைச் சிதைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட மேட்டுக்குடிக் கூட்டத்தை அது எள்ளி நகையாடுகிறது. 'ஸ்கந்தால்' என்னும் சொல் உருசியத்திலும் உண்டு. ஆனால் அங்கு அது கூச்சலிட்டுச் சண்டையிடுவதைக் குறிக்கும். ஆகவே அந்நாடகத்திற்கு உருசியத்தில் 'தீச்சொல் பள்ளி' என்று பெயர் வழங்குகிறது. நாடகத்தில் வரும் சீமாட்டிகள் தாங்கள் வெறுமனே பேசிப் பொழுது போக்குவதாக நினைக்கின்றனர். மொழிபெயர்ப்பாளரோ அதன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார். "சும்மா பேசிக்கொண்டிருந்தோம்" என்று நாம் கூறும்போதெல்லாம் நமக்கும் அப்படியொரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதுதான் வழியா? இல்லை. இதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: 'ஸ்மால் டாக்'. வானிலை, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு என்று சந்திக்கும்போது பேசிக்கொள்ளும் சிறுபேச்சு. இதை உருசியத்தில் பெயர்க்க முயல்வோர் இடர்ப்படுகின்றனர். உயர்குடியினரின் நாகரிக உரையாடல் என்று பெயர்த்தால் போலித்தனம் தொனிக்கிறது. ஒன்றுமில்லாததைப் பற்றிய பேச்சு என்றால் இகழ்ச்சி தொனிக்கிறது. சிறுபேச்சைப் பழிக்காமலும் பொய்யாக்காமலும் குறிக்கும் நேர்ச்சொல் எளிதில் அகப்படவில்லை.

அத்தகைய பேச்சுக்கு மானிடவியலார் பிரானிஸ்லாவ் மலினோவ்ஸ்கி 1923இல் நியாயம் கற்பித்தார். செய்தி சொல்வதற்காக அன்றி, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே பேசப்படும் பேச்சு எல்லாச் சமூகங்களிலும் உண்டு என்று அவர் காட்டினார். படுக்கையிலிருக்கும் முதியவரை நற்கருணையோடு சந்திக்கச் செல்கிறோம். "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்கிறார். நாம் சாப்பிட்டோமா என்பது அவருக்குத் தேவையான செய்தி அன்று. தாம் இன்னும் பிறரை விசாரிக்கக்கூடிய மனிதராகவே இருப்பதை அவர் நமக்கு அறிவிக்கிறார். அச்சொல்லில் செய்தி இல்லை. ஆனால் அது வெறுமையானது அன்று. அதன் உள்ளே அன்பு இருக்கிறது. மனத்தை இளைப்பாற்றும் நல்ல வேடிக்கைப் பேச்சையும் அக்குவினாஸ் நற்பண்பின் எல்லைக்குள்ளேயே வைக்கிறார்.

அச்சத்தால் விளையும் மௌனமோ வேறு வகையான வெறுமை. இரண்டாம் உலகப் போரின்போது, கவனமற்ற பேச்சு உயிரைக் குடிக்கும் என்று எச்சரிக்கும் சுவரொட்டிகளைப் பிரித்தானிய அரசு 1940இல் ஒட்டியது. 1941இல் சோவியத் நாட்டில் நீனா வத்தோலினாவும் நிக்கலாய் தெனீசொவும் படைத்த சுவரொட்டியில், சிவப்புத் தலைத்துணி அணிந்த பெண் உதட்டில் விரல் வைத்து, வாயாடாதே என்கிறாள். போர்க்காலத்தில் அது நியாயமான எச்சரிக்கையே. ஆனால் அந்நாட்டில் பேச்சைக் குறித்த அச்சம் போருக்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்ந்தது. நண்பருக்கு எழுதிய மடல்களில் ஸ்டாலினைக் குறைகூறியதற்காக எழுத்தாளர் சோல்செனிட்சின் 1945 பிப்ரவரியில் கைதாகி, எட்டாண்டுத் தண்டனை பெற்றார். பின்னாளில் குருஷ்சோவ் காலத்தில் தனித்தனி அடுக்கக வீடுகள் கிடைத்தபோது, நண்பர்கள் சிறிய சமையலறைகளில் கூடி நள்ளிரவு வரை பேசலாயினர். அரசின் பார்வையில் அது வெட்டிப்பேச்சு. ஆனால் மேடைகளில் பேச இயலாத உண்மை அந்தச் சமையலறைகளில்தான் உயிரோடிருந்தது.

ஆகவே ஒரு சொல் வீணா அன்றா என்பதை அதன் பொருள் பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு அளக்க இயலாது. சமையலறைப் பேச்சு நிறைசொல்லாகலாம். பீடத்தில் நின்று நாம் ஆற்றும் மறையுரை வெறுஞ்சொல்லாகலாம். பின் எதைக் கொண்டு அளப்பது?

மத்தேயு நற்செய்தியில் வீண்சொல்லைக் குறிக்கும் கிரேக்க அடைமொழி 'ஆர்கோன்'. செயலற்றது, வேலை செய்யாதது என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'ஐடில்' என்றாயிற்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெறுமை என்றே பொருள். உருசியத்தில் அது 'ப்ராஸ்னி' என்றாயிற்று. அதன் பழைய பொருளும் வெறுமையே. ஆனால் அதே வேரிலிருந்துதான் திருநாளைக் குறிக்கும் 'ப்ராஸ்னிக்' என்னும் சொல்லும் பிறந்தது. வேலை அகன்று வெறுமையாகும் நாளைக் கடவுள் நிரப்பினால் அது திருநாள். எவரும் நிரப்பாவிட்டால் அது சோம்பல். வெறுமை குற்றம் அன்று. அதை எது நிரப்புகிறது என்பதே கேள்வி.

நான்காம் நூற்றாண்டுச் சிரிய திருத்தொண்டரும், 1920இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவருமான புனித எபிரேமின் பெயரால் வழங்கும் செபம் ஒன்றைக் கீழைத் திருச்சபையினர் தவக்கால வாரநாள்களில் தரையில் விழுந்து பணிந்து சொல்வர். சோம்பல், மனச்சோர்வு, ஆதிக்க ஆசை, வீண்பேச்சு ஆகிய நான்கினின்றும் காக்குமாறு அது வேண்டுகிறது. தன் குற்றத்தைக் காணவும், சகோதரரைத் தீர்ப்பிடாதிருக்கவும் அருள் கேட்டு முடிகிறது. வீண்பேச்சினின்று காக்கக் கேட்ட வேண்டல் தீர்ப்பிடாமையில் முடிவது தற்செயல் அன்று. தன் குற்றத்தைக் காணும் கண்ணுக்குப் பிறர் கதை பேச நேரமேது?

கீழை வழிபாட்டில் வழங்கும் பழைய சிலாவிய மொழி விவிலியத்தில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில், பெத்லகேமுக்கு யோசேப்புடன் செல்லும் மரியா கருவுற்றிருந்ததாக வாசிக்கிறோம். அங்குக் கருவுற்ற நிலையைக் குறிக்கும் சொல் 'நெப்ராஸ்னா'. வெறுமையாக இல்லாதவள் என்பது அதன் நேர்ப்பொருள். வீண்சொல்லுக்கு நேரெதிர்ச் சொல் மௌனம் அன்று, கருத்தாங்கிய கன்னி! அவர் எலிசபெத்தை வாழ்த்தியது ஒரு சாதாரண நலம் விசாரிப்புதான். ஆயினும் அச்சொல் கேட்டு வயிற்றிலிருந்த குழந்தை துள்ளியது. உள்ளே வாக்கானவர் இருந்ததால் வெளியே வந்த சிறுசொல்லும் நிறைசொல்லாயிற்று. அவரே, கேட்டவற்றையும் கண்டவற்றையும் ஊரில் பரப்பாமல் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தவர்.

கூழ்முட்டையையும் கருமுட்டையையும் பிரித்தறிய நம் பாட்டிமார் அவற்றை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பார்கள். சொல்லையும் வாயிலிருந்து விடுமுன் அவ்வாறே பிடித்துப் பார்க்க வேண்டும். இதனுள் எவருக்கேனும் வாழ்வு இருக்கிறதா? நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் இப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் இதையே தொடர்ந்து பேசுவோமா? வம்பைக் கேட்க நேர்ந்தால், "அது நமக்குத் தெரியாது, அவரிடமே கேட்போமே" என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா? அன்று அந்தப் பங்கில் நாம் சொல்லத் தவறிய சொல் இதுவே.

திருமுழுக்குச் சடங்கில் 'எப்பத்தா' என்னும் பகுதி உண்டு. குரு குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டு, இறைவாக்கைக் கேட்கவும் அறிக்கையிடவும் அவை திறக்கப்பட வேண்டுமென மன்றாடுகிறார். அவ்வேளையில் அருகில் நிற்பவர்கள் யார்? ஞானத்தாயும் ஞானத்தந்தையும். கடவுளில் உறவினர் என்று ஆங்கிலேயர் ஒருகாலத்தில் அழைத்தது அவர்களைத்தான். அச்சொல் அகராதியில் வீழ்ந்துவிட்டது. அதை இனி எவரும் தூக்கி நிறுத்த இயலாது. ஆனால் அச்சொல் குறித்த உறவு இன்னும் நம் கையில் இருக்கிறது. பிறர் வீட்டின் துயரத்தை அறிந்தும், அதைச் சுமந்து, காத்து, இறைவனிடம் மட்டுமே எடுத்துச்செல்லும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாரானால், அவ்வுறவு நம் நடுவில் மீண்டும் எழும்.